டிஜிட்டல் ஓவியத்தை வருமானமாக்குவது எப்படி: பாலக்காட்டு எல்லையோரத் தமிழர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருந்துகொண்டு டிஜிட்டல் ஓவியத்தைத் தொழிலாக்க விரும்புவோர், எடுத்த எடுப்பிலேயே வெளிநாட்டு வாடிக்கையாளர்களைத் தேட வேண்டியதில்லை. தமிழ், மலையாளம் இரண்டிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன.

முதலில், விற்கப்போகும் பொருள் ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். பத்திரிகைக்கான மணமக்கள் ஓவியம் நல்ல தொடக்கம். வரைவதற்கான செயலி, கணினி இருந்தால் கிரிட்டா, கைப்பேசி மட்டும் இருந்தால் ஐபிஸ்பெயிண்ட். இரண்டையும் காசில்லாமல் தொடங்கலாம். கடன் வாங்கி ஐபேட் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

அடுத்தது மாதிரிப் படங்கள். நம் ஆடியும் மலையாளத்துக் கர்க்கடகமும் ஒரே சமயத்தில் வருவதால், ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம் எல்லைக்கு இரு பக்கமும் கல்யாணம் அரிது. அந்த மாதத்தில் கூறைப்புடவையில் ஒரு ஜோடி, தங்கச் சரிகைக் கரை போட்ட கேரளத்துக் கசவுப் புடவையில் ஒரு ஜோடி என்று வரைந்து, அருகிலுள்ள அச்சகங்களில் கொடுத்து வையுங்கள். ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அச்சுக்குத் தயார்செய்யும் இடத்தில்தான். ஏ4 அளவுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் படம் 2480 க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். சிறிதாக வரைந்துவிட்டுப் பின்னர் பெரிதாக்கினால் கோடுகள் மங்கிவிடும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கே என்னும் நான்கு மை அச்சில் சோர்ந்து போகும் என்பதால், கிரிட்டாவில் சிஎம்ஒய்கே வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் சோதனை அச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். கசவுக் கரைக்கு வெறும் மஞ்சளைப் பூசினால் தங்கம் தெரியாது. பழுப்பு நிழலும் நடுவே வெளிர்க்கீற்றும் சேர்ந்தால்தான் சரிகையாகத் தெரியும். மலையாள எழுத்துக்கு மஞ்சரி போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் உண்டு. எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத வடிவக்கோடுகளாக (அவுட்லைன்) மாற்றிய பின்பே கோப்பை அனுப்புங்கள்; இல்லையேல் அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பெயர்களை வீட்டுப் பெரியவர் ஒருவர் சரிபார்த்து, எழுத்தில் ஒப்புதல் தரட்டும்.

விலையை நேரத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். ஒரு படத்துக்கு ஆறு மணி நேரம், மணிக்கு 200 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். இரண்டு திருத்தங்கள் அதில் அடக்கம், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம். பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். மீதி வரும்வரை, குறுக்கே பெயர் பதித்த சிறு அளவுப் படத்தையே காட்டுங்கள். சொந்தக்காரர் என்றாலும் இதுதான் முறை, சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் சரி.

உரிமையையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவரே முதல் உரிமையாளர். ஆகவே அந்தப் படத்தை உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டலாம் என்ற ஒரு வரியையாவது வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லையோரம் என்பதால் ஜிஎஸ்டியையும் கவனிக்க வேண்டும். கோப்பாக மட்டும் அனுப்புவது சேவை. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, வாடிக்கையாளர் மாநில எல்லைக்கு அப்பால் இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. அதே படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினால் அது சரக்கு விற்பனையாகிவிடும், அதற்கு விதி வேறு; அந்த வேலையை ஏற்பதற்கு முன் கணக்கரிடம் கேட்டுவிடுங்கள்.