ரோஜாவின் அடித்துளிரை நறுக்காதீங்க

ஒட்டு ரோஜாவில், ஒட்டுக் கட்டிய புடைப்புக்குக் கீழே மாசியில் கிளம்பும் துளிரைக் கத்தரியால் நறுக்காதீங்க. முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் மண்ணை விலக்கி, துளிர் தொடங்கும் இடத்திலேயே கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுங்க. நறுக்கினால் அடியில் தங்கும் உறங்கு மொட்டுகள் ஒன்றுக்கு மூன்றாக முளைக்கும். ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் காட்டு ரோஜாவான வேர்ச்செடி வலுத்து, மேலே ஒட்டிய ரகம் நலிந்துபோகும். ஒரு இலையில் ஏழு சிற்றிலை இருந்தாலே வேர்ச்செடியின் காட்டுத்துளிர் என்று பலர் பிடுங்குகிறார்கள், அதை நம்ப வேண்டாம். கிளம்பும் இடம்தான் கணக்கு.

கோவை, ஈரோட்டு வாசல்களில் குச்சி ஊன்றி வளர்த்த பன்னீர் ரோஜாவுக்கு இது பொருந்தாது. அதில் அடியிலிருந்து வருவதும் பூக்கிற கிளைதான். ஒட்டு ரோஜாவிலும் விரல் தடிமனுக்கு முற்றிய துளிரை இழுக்காதீங்க, பட்டை கிழியும். தண்டை ஒட்டிக் கூரிய கத்தியால் சீவிடுங்க.