மிச்சம் கிடக்குற பெயிண்ட்டை என்ன பண்றது?

வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சு முடிச்சா கால் டப்பா அரை டப்பான்னு எப்பவும் மிஞ்சும், பரண்ல ஏத்தி வச்சுட்டு மறந்துருவோம், நாலஞ்சு வருஷம் கழிச்சு திறந்தா மேல ஆடை கட்டிக் கிடக்கும், உடனே அப்படியே சிங்க்ல கவுத்துரலாமான்னு தோணும். வேணாம். சாக்கடை, செடி மண்ணு, எங்கயும் ஊத்தாதீங்க.

மொதல்ல அது தண்ணி பெயிண்ட்டா ஆயில் பெயிண்ட்டான்னு பாருங்க. டப்பால தண்ணி கலக்கச் சொல்லியிருந்தா எமல்ஷன், டிஸ்டம்பர் வகை. தின்னர், டர்பன்டைன்னு போட்டிருந்தா எனாமல், வார்னிஷ் வகை. லேபிளே இல்லையா, ஒரு சொட்டு எடுத்து தண்ணில கலக்கிப் பாருங்க, பால் மாதிரி கரைஞ்சா தண்ணி பெயிண்ட், ஒட்டாம தனியா நின்னா ஆயில்.

தண்ணி பெயிண்ட்ல கட்டி தட்டாம, அழுகுன நாத்தம் வராம இருந்தா கலக்கி இன்னும் அடிக்கலாம், இல்ல தேவைப்படுறவங்களுக்கு குடுத்துருங்க. கெட்டுப்போச்சுன்னா காய வைக்கணும். அடியில கொஞ்சம்தான் இருக்குன்னா காத்தாடுற எடத்துல, சின்னப் பசங்க, நாய் பூனைக்கு எட்டாம, திறந்து வச்சாலே போதும். நெறைய இருந்தா மணலோ மரத்தூளோ கொட்டிக் கிளறுங்க, இல்லன்னா மேல மட்டும் காஞ்சு உள்ள கூழாவே இருக்கும். கல்லா இறுகுனதும் உங்க ஊர் குப்பை விதி அனுமதிச்சா குப்பைல போடலாம், ஆனா டப்பாவ மூடாம திறந்தே போடுங்க, உள்ள காஞ்சிருக்குன்னு குப்பை எடுக்கறவங்களுக்குத் தெரியணும்ல.

ஆயில் பெயிண்ட்டுக்கு இந்த வேலையெல்லாம் ஆகாது, அதோட ஆவி தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். மூடிய இறுக்கி, அடுப்பு கிட்ட வைக்காம, அபாயகரமான குப்பைய தனியா வாங்குற எடத்துல குடுங்க. ரொம்பப் பழைய டப்பான்னா ஈயம் கலந்திருக்கலாம், அதையும் இதோடயே சேத்துருங்க.

நெறைய பேரு கோட்டை விடுறது துணிலதான். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), ஆயில் வார்னிஷ் தொடச்ச துணிய சுருட்டி ஒரு மூலைல போட்டா, அது காயும்போது காத்தோட சேந்து சூடு கிளம்பும், சுருட்டுன துணிக்குள்ள அந்த சூடு வெளிய போகாம தானாவே பத்திக்கும், தீப்பெட்டியே வேணாம். வெளிய கொடில ஒத்தையா விரிச்சு காயப் போடுங்க, முடியலன்னா தண்ணி நெறைச்ச தகர டப்பால முக்கி மூடி வைங்க.

பிரஷ் கழுவுன தின்னரையும் கொட்டாதீங்க. மூடி வச்சா ரெண்டு மூணு நாள்ல பெயிண்ட் அடியில தங்கிரும், மேல தெளிஞ்சத வடிச்சு அடுத்த தடவைக்கு வச்சுக்கலாம், அடிச் சகதிய மட்டும் ஆயில் பெயிண்ட் டப்பாவோட சேத்துக் குடுத்துருங்க.