ஒரு வாரம் ஃபார்வர்ட் என்றால் எந்தத் தேதி?

லீவில் கோத்தகிரிக்கு வந்து பத்து நாள் ஆகிறது. சாயங்காலம் ஆனால் போதும், யாராவது ஒரு அக்கா, இங்கிலாந்துக்குக் கிளம்பும் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். வர்க்கியும் டீயும் கொடுத்துச் சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. எழுதிவிட்டால் தொல்லை விட்டது.

அரசாங்க ஆபீஸ் வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆன்லைனில் இருக்கும் இ-விசா கணக்கில் இப்போதைய பாஸ்போர்ட் எண்தான் இருக்கிறதா என்று விமானம் ஏறும் முன்பே பாருங்கள். போனதும் வேலைக்கும் வரிக்கும் வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், பேங்க் கணக்கு, பக்கத்து ஜி.பி., அதாவது குடும்ப டாக்டரிடம் பதிவு. பொறுமை இருந்தால் தானாக நடக்கும். ஸ்வெட்டரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கவிழ்த்தது இது எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த புட், புல், லெட், ப்ரிங் மாதிரி வார்த்தைகள்தான் கவிழ்த்தன. கான்வென்ட்டில் படித்தவள் நான். பெரிய பெரிய வார்த்தைகளெல்லாம் அத்துப்படி. அந்தத் திமிர்தான் வினையானது.

2023 மே மாதம் டெர்பிஷயருக்குப் போனேன். அதுவும் மலைப்பாங்கான ஊர்தான். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கிற வேலை. பஸ் அபூர்வம், கார் இல்லாமல் முடியாது. நம் லைசென்ஸை வைத்து அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் தியரி, பிராக்டிகல் இரண்டும் பாஸாக வேண்டும். ஓட்டுவதில் எனக்கு என்ன பயம்? அப்பா தேயிலை ஃபேக்டரி லாரி டிரைவர். ஏறுகிற வண்டிக்கு வழி விடு, எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று குன்னூர் மலைப்பாதையில் சொல்லிக் கொடுத்தவர்.

முதல் அடி பயிற்சியிலேயே விழுந்தது. டிரைவிங் சொல்லித் தந்தவர் "புல் அப் ஆன் த லெஃப்ட்" என்றார். புல் என்றால் இழு, அப் என்றால் மேலே. இடது கையால் ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்தேன். கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. "இடது பக்கம் ஓரமாக நிறுத்து" என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். டெஸ்ட்டிலும் இதே வார்த்தைதான் வரும். புல் அவுட் என்றால் ஓரத்திலிருந்து வண்டியை ரோட்டுக்கு எடு. இழுக்கிற வேலை எதிலும் கிடையாது.

அதைச் சிரித்து விட்டுவிட்டேன். அடுத்ததற்குச் சிரிக்க முடியவில்லை. பிராக்டிகல் டெஸ்ட் 2024 ஏப்ரல் 17. புக் செய்தது டிரைவிங் சொல்லித் தந்தவர்தான், அதனால் தகவலெல்லாம் அவருக்குத்தான் போனது. மாத ஆரம்பத்தில் போன் செய்து, "உன் டெஸ்ட்டை ஒரு வாரம் ப்ராட் ஃபார்வர்ட்" என்றார். நான் வேலை அவசரத்தில் "ஓகே, தேங்க்யூ" என்றேன். லுக் ஃபார்வர்ட் என்றால் வரப்போவதைப் பார்ப்பது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கோடைக்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் ஃபார்வர்ட் வைத்திருந்தது. 1 மணி 2 ஆனது. ஆக, ஃபார்வர்ட் என்றால் தள்ளிப்போவது. 24ஆம் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டேன்.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில், "டெஸ்ட் ஃபார்வர்ட் ஆயிருச்சுப்பா" என்றேன்.

"முன்னாடி வந்துருச்சா அம்மிணி? அப்போ பத்தாம் தேதியா?"

"இல்லப்பா, தள்ளிப் போயிருக்கு. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் சரியாகச் சொன்னார். 10ஆம் தேதி காலை நான் ஒரு பாட்டிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன், போன் கைப்பையில் கிடந்தது. வெளியே வந்து பார்த்தால் ஏழு மிஸ்டு கால். கட்டின 62 பவுண்ட் போனது, டிரைவிங் சொல்லித் தந்தவருடைய இரண்டு மணி நேரக் கூலியும் போனது. அடுத்த தேதி கிடைத்தது செப்டம்பரில். மே மாதம் 12 மாதக் கணக்கு முடிந்ததும் கார் ஓட்டும் ரவுண்டுகளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நடந்து போகிற தூரத்து வீடுகள் மட்டும், அதாவது பாதிச் சம்பளம். மழையில் நடக்கும்போதெல்லாம் அப்பாவிடம் சொன்னதுதான் காதில் கேட்கும்.

டிரைவிங் சொல்லித் தந்தவரும் கோபப்படவில்லை, "யூ லெட் மீ டவுன்" என்று மட்டும் சொன்னார். எங்கே இறக்கிவிட்டேன் என்று யோசித்தேன். "காலை வாரிவிட்டாயே" என்கிறார் மனிதர்!

அதனால் சொல்கிறேன், இந்த வார்த்தைகளைப் பிரித்துப் பார்க்காதீர்கள். போட்டுக் கொடுத்தான், போட்டு வாங்கினான், போட்டுத் தள்ளினான். இதில் எதை எங்கே போட்டார்கள் என்று ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்க முடியுமா? அது மாதிரிதான். புட் ஆஃப், புட் பேக் இரண்டும் தள்ளிப்போடுவது. புட் அப் வித் என்றால் சகித்துக்கொள்வது. கால் ஆஃப் என்றால் ரத்து. பால் கோ ஆஃப் ஆனால் கெட்டுவிட்டது, அலாரம் கோ ஆஃப் ஆனால் அடிக்கிறது! "2019இல் பாஸ் அவுட் ஆனேன்" என்று இன்டர்வியூவில் சொல்லாதீர்கள், மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். மேனேஜர் "வி ஹேவ் டு லெட் யூ கோ" என்றால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார் என்று சந்தோஷப்படாதீர்கள். வேலை போய்விட்டது.

தேதி, நேரம், பணம் என்று எது வந்தாலும் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "அப்படியென்றால் பத்தாம் தேதி, புதன்கிழமைதானே?" என்று திருப்பிக் கேளுங்கள். அங்கே யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை. வெட்கமெல்லாம் நமக்குத்தான்.

செப்டம்பரில் பாஸாகிவிட்டேன். நேற்று விமான கம்பெனியிலிருந்து என் பயணத்தை மாற்றியிருப்பதாக மெசேஜ் வந்தது. அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார்.

"முன்னாடி பின்னாடி எல்லாம் வேண்டாம் அம்மிணி. தேதி எங்கே போட்டிருக்கு, காட்டு."