உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்க்க: முதல் தடவை போகிறவர்களுக்கு

நகரமே காலடியில் விரிந்து கிடக்க, கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. பிறந்தநாள், திருமண நாள், பயணத்தின் கடைசி இரவு என்று ஒரு சாக்கு கிடைத்தால் போதும். போனை எடுத்து, இருப்பதிலேயே உயரமான இடம் எது என்று தேடி, இரவு எட்டரைக்கு ஒரு மேசையை புக் செய்துவிடுவோம்.

நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். போய் உட்கார்ந்தபோது வெளியே கும்மிருட்டு. கண்ணாடியில் ஊர் தெரியவில்லை. என் முகமும், பின் மேசையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமும்தான் பளிச்சென்று தெரிந்தன. கையை முகத்துக்கு இரண்டு பக்கமும் அணைகட்டி, மூக்கு கண்ணாடியில் இடிக்க எட்டிப் பார்த்தபோதுதான் கீழே விளக்குகள் இருப்பதே தெரிந்தது. அவ்வளவு செலவு செய்துவிட்டு அந்தக் கோலத்தில் நின்றதை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு போன இடங்களில் புரிந்துகொண்டது இதுதான்: எத்தனையாவது மாடி என்பது இரண்டாம்பட்சம். எத்தனை மணிக்குப் போகிறோம், எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருகிறோம் என்ற இரண்டும் சரியாக அமைந்தால் முப்பதாவது மாடியே தாராளம்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

இடத்தைத் தேடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். உயரம் கூடினால் காட்சியும் கூடும் என்று நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 100 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில் தெரியும். 400 மீட்டரிலிருந்து சுமார் 71 கிலோமீட்டர். நாலு மடங்கு ஏறினாலும் பார்வை இரண்டு மடங்குதான் நீளும். அதற்குள் கீழே இருக்கும் கட்டிடங்கள் தட்டையாகி, ஊர் ஒரு வரைபடம் மாதிரி ஆகிவிடும். துபாயில் புர்ஜ் கலீஃபாவின் 122வது மாடியில், சுமார் 440 மீட்டர் உயரத்தில் இருக்கும் அட்மாஸ்ஃபியர் உணவகம் அப்படிப்பட்ட அனுபவம். பக்கத்துக் கோபுரங்களையே குனிந்துதான் பார்க்க வேண்டும். பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தின் இரண்டாவது தளத்தில் இருக்கும் ஜூல் வெர்ன் உணவகமோ தரையிலிருந்து 125 மீட்டர்தான். அங்கிருந்து நதி நதியாகவும் பாலம் பாலமாகவும் தெரியும். எனக்கு இந்த உயரம்தான் பிடிக்கும். தலை சுற்ற வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு முன்னது.

இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. ஊரின் அடையாளமான கட்டிடத்துக்கு உள்ளேயே ஏறிவிட்டால், அந்தக் கட்டிடம் உங்கள் காட்சியில் இருக்காது! நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு கட்டிடத்தில்தான் ஏற வேண்டும். அதே ஊரில் ராக்கஃபெல்லர் சென்டரின் 65வது மாடியில் 1934ல் திறந்த ரெயின்போ ரூம் உணவகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு. சிங்கப்பூரில் மரினா பே சாண்ட்ஸின் 57வது தளத்தில் உட்கார்ந்தால் எதிரே இருக்கும் வங்கிக் கோபுரங்கள் அழகாகத் தெரியும். ஆனால் மூன்று கோபுரத்தின் மேல் கப்பலை வைத்தது போன்ற அந்தப் பிரபலமான உருவத்தைப் பார்க்க, குடாவின் எதிர்க்கரையில் இருக்கும் ஏதாவது மாடிக்குத்தான் போக வேண்டும்.

அதனால் முதலில் மேப்பைத் திறந்து, நீங்கள் பார்க்க விரும்பும் கட்டிடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

படி 2: சூரியன் மறையும் நேரத்தைப் பிடியுங்கள்

எல்லா வானிலை ஆப்பிலும் சூரிய அஸ்தமன நேரம் இருக்கும். அதிலிருந்து 45 நிமிடம் முன்னதாக மேசையைப் போடுங்கள். ஒரே உட்காரலில் மூன்று காட்சி கிடைக்கும்: கட்டிடங்கள் மேல் மஞ்சள் வெயில், அப்புறம் அஸ்தமனம், அதற்கும் அப்புறம் வானம் கருநீலமாகி விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் நேரம்.

கடைசியாகச் சொன்னதுதான் உச்சம். வானத்தின் வெளிச்சமும் கட்டிட விளக்குகளின் வெளிச்சமும் ஏறத்தாழ சமமாக இருக்கும் சில நிமிடங்கள் அவை. வெளியே இன்னும் வெளிச்சம் இருப்பதால் கண்ணாடியும் உங்கள் முகத்தைக் காட்டாது. முழுக்க இருட்டிவிட்டால் வெளியைவிட உள்ளே வெளிச்சம் அதிகமாகி, ஜன்னல் நிலைக்கண்ணாடி ஆகிவிடும். என் முதல் இரவில் நடந்தது அதுதான்.

இந்த அந்தி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது ஊரைப் பொறுத்தது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருபது நிமிடம் கொஞ்சம் கூடக் குறைய. லண்டனில் ஜூன் மாதம் போனால் நாற்பது நிமிடத்துக்கு மேல். வெப்பமண்டல ஊர்களில் பத்து நிமிடத் தாமதம்கூடப் பெரிய நஷ்டம்.

ஒரு சுவாரசியம். மேலே போகப் போக சூரியன் தாமதமாகத்தான் மறையும். புர்ஜ் கலீஃபாவில் 80வது மாடிக்கு மேல் வசிப்பவர்கள் ரமலான் நோன்பு திறக்க 2 நிமிடமும், 150க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று துபாய் மார்க்க அறிஞர்கள் 2011ல் அறிவித்தார்கள்.

படி 3: ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள்

புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது மேற்குப் பக்கம். அஸ்தமனம் தெரியுமே என்று. தெரியும்தான். ஆனால் அதற்கு முந்தைய அரை மணி நேரம் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், எதிரில் இருக்கும் கட்டிடங்கள் வெறும் கருப்பு நிழலாகத் தெரியும், ஊழியர்கள் வந்து திரையை இறக்கிவிட்டுப் போவார்கள். கிழக்கோ, வடக்கோ, தெற்கோ பார்த்த ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருக்கும், எதிரே உள்ள கண்ணாடிக் கட்டிடங்கள் தங்கம் பூசியது போல் எரியும்.

ஆன்லைனில் புக் செய்தாலும் ஒரு தடவை போன் செய்துவிடுங்கள். "ஜன்னல் மேசை கிடைக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கிடைக்கும்" என்பார்கள். போனால் ஜன்னல் தெரிகிற இரண்டாவது வரிசையில் உட்கார வைப்பார்கள். "கண்ணாடியை ஒட்டிய மேசைதானே? எந்தத் திசை பார்த்தது?" என்று கேளுங்கள். இரண்டு பேர் என்றால் மூலை மேசை கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவருக்கு ஊர், மற்றவருக்குச் சமையலறைக் கதவு.

படி 4: உணவகமா, லவுஞ்சா?

லவுஞ்ச் என்றால் முழுச் சாப்பாடு இல்லாமல் பானம் மட்டும் வாங்கிக்கொண்டும் உட்காரக்கூடிய இடம். பல கட்டிடங்களில் இரண்டும் ஒரே மாடியிலோ அடுத்தடுத்த மாடியிலோ இருக்கும். காட்சி ஒன்றுதான், செலவு ஒன்றல்ல. முதல் தடவை என்றால் லவுஞ்சுக்குப் போய் ஆளுக்கொரு பானம் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டைக் கீழே வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மது வேண்டாமென்றால் மாக்டெயில் எல்லா இடத்திலும் உண்டு, தயங்க வேண்டாம்.

கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை சில. மினிமம் ஸ்பெண்ட், அதாவது குறைந்தது இவ்வளவு செலவு செய்தே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறதா, அது ஆளுக்கா மேசைக்கா? வரியும் சர்வீஸ் சார்ஜும் அதில் சேர்ந்ததா? மேசை எத்தனை மணி நேரம் நம்முடையது? குழந்தைகளை எத்தனை மணி வரை அனுமதிப்பார்கள்? கடைசி நேரத்தில் ரத்து செய்தால் டெபாசிட் திரும்ப வருமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். மிக உயரமான மாடிகளில் மேகம் இறங்கிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர்தான் தெரியும். முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த மறுநாளைத் தேர்ந்தெடுங்கள். தூசி அடங்கி, தூரம் துல்லியமாகத் தெரியும்.

படி 5: உடை

முழுக்கால் சட்டை, மூடிய ஷூ, காலர் வைத்த சட்டை இருந்தால் ஆண்கள் அநேகமாக எங்கும் நுழைந்துவிடலாம். வாசலில் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் செருப்பும் அரைக்கால் சட்டையும்தான்.

பாங்காக்கில் 63வது மாடியில் இருக்கும் சிராக்கோ போலத் திறந்தவெளி இடமென்றால் காற்றை நினைவில் வையுங்கள். 300 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 2 டிகிரிதான் குறையும். காற்றின் வேகம்தான் ஆளை வாட்டும். ஒரு சால்வை போதும்.

படி 6: போட்டோ

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். அப்புறம் போனின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், இடைவெளியே இருக்கக் கூடாது. விரல் அளவு விலகினாலும் உங்கள் மேசை விளக்கு வானத்தில் ஒரு நிலாவாக மிதக்கும். ஜன்னல் இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் இரண்டு நிலா. ஒட்டியும் பிரதிபலிப்பு விழுந்தால் கருநிறத் துணியையோ கோட்டையோ போனைச் சுற்றிக் கூடாரம் மாதிரிப் பிடியுங்கள். மேசை விளக்கைக் கொஞ்ச நேரம் எடுத்துவிடச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனைப் பையில் போடுங்கள்.

பை என்றதும் நினைவுக்கு வருகிறது. சுழலும் உணவகத்துக்குப் போனால் ஜன்னல் விளிம்பில் எதையும் வைக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் சுழல்வது மேசைகள் இருக்கும் தரை வளையம் மட்டுமே. ஜன்னல் நின்ற இடத்தில் நிற்கும். டொரோண்டோவின் சிஎன் கோபுரத்தில் ஒரு சுற்றுக்கு 72 நிமிடம் ஆகும். தரை நகர்வதே தெரியாது. நான் போயிருந்த ஓர் இடத்தில் என் பையை அழகாக விளிம்பில் வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் காணோம். திருட்டு என்றே முடிவு செய்து எழுந்து ஓடினால், நாலு மேசை தள்ளி ஒரு வயதான தம்பதி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படி 7: கிளம்புவதற்கு முன்

பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். உடனே லிஃப்ட்டுக்குப் போக வேண்டாம். நீங்கள் உட்கார்ந்தது ஒரு பக்கம்தான், மற்ற மூன்று பக்கத்தையும் ஒரு நடை நடந்து பாருங்கள். கழிவறையையும் விடாதீர்கள். ஹாங்காங் பெனின்சுலா ஹோட்டலின் 28வது மாடியில், வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க் உருவாக்கிய ஃபெலிக்ஸ் உணவகத்தில் ஆண்கள் கழிவறையிலிருந்து தெரியும் காட்சி உலகப் பிரசித்தம். லிஃப்ட் இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும்.