மீன் குட்டையில மூச்சு விஷயமா பண்ற தப்புங்க

பண்ணைக்குட்டை வெட்டி கட்லா, ரோகுன்னு கெண்டை மீன் விடுறவங்க இப்ப நிறைய பேர் வந்துட்டாங்க, சந்தோஷம். ஆனா எங்க செட்டு ஆளுங்க ஆரம்பத்துல எங்க சறுக்குனோமோ அதே எடத்துல தான் இவங்களும் சறுக்குறாங்க. குஞ்சை அளவுக்கு மேல விடாதீங்க, தீவனத்தை அள்ளிக் கொட்டாதீங்கன்னு எல்லாரும் சொல்லியாச்சு, அத விட்டுடுறேன்.

மத்தியானம் டெஸ்ட் பண்ணிட்டு தூங்கப் போறது

இது தான் எனக்கு இன்னமும் எரிச்சலா இருக்கு. தெரிஞ்ச தம்பி ஒருத்தன் மத்தியானம் ரெண்டு மணிக்கு தண்ணில ஆக்சிஜன் பாக்குற டெஸ்ட் கிட் வெச்சு பாத்துட்டு "அண்ணே, லிட்டருக்கு 12 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கு, சூப்பர்"னு போன் பண்றான். நைட்ல கரண்ட் பில்லு ஏறுதுன்னு ஏரேட்டரை, அதான் தண்ணில காத்து கலக்குற மெஷினை, ஆஃப் பண்ணிடுறான். மறுநாள் விடியல்ல அழுதுக்கிட்டே போன், கரையோரம் பூரா கட்லா மல்லாந்து கெடக்கு, அதுவும் பெரிய சைஸா பாத்து போயிருக்கு.

பச்சைத் தண்ணில இருக்கிற பாசி வெயில் இருக்கிற வரைக்கும் தான் ஆக்சிஜன் விடும். இருட்டுனதும் அதுவும் மீன் மாதிரியே ஆக்சிஜனை எடுத்துக்கும், அடி சேத்துல இருக்கிற நுண்ணுயிரும் எடுக்கும், மீனும் எடுக்கும், ஆனா போட ஆளே இல்ல. ராத்திரி பூரா எறங்கிக்கிட்டே போயி சூரியன் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி தான் அடிமட்டத்துல நிக்கும். 5க்கு மேல இருந்தா கெண்டைங்க நல்லா இருக்கும், 3க்கு கீழ போனா திணறும், 1 கிட்ட போனா சாவு தான். அதனால பாக்கணும்னா விடியக்காலை பாருங்க, மத்தியான நம்பர் உங்களுக்கு எதுவுமே சொல்லாது. ஏரேட்டரும் நடுராத்திரில இருந்து விடியுற வரைக்கும் தான் ஓடணும். நல்ல வெயில்ல, தண்ணி தாங்குறதுக்கு மேல ஆக்சிஜன் நெறஞ்சு கெடக்கும்போது ஓட்டுனா, இருக்கிறதும் காத்துல போயிடும்.

ஒரு லிட்டர் காத்துல 270 மில்லிகிராமுக்கு மேல ஆக்சிஜன் இருக்கு, அதே ஒரு லிட்டர் தண்ணி 20 டிகிரில 9 தான் தாங்கும், 30 டிகிரில ஏழரை. அந்தக் கொஞ்சத்தை வெச்சு தான் செவுள் வேலை பாக்குது. கோடையில தண்ணி சூடாகும்போது அதுவும் கொறையுது, மீனோட தேவை ஏறுது. மூணு நாள் மேகமூட்டமா இருந்தா பகல்ல சேருறதும் கம்மி, அன்னிக்கு ராத்திரி கண்டிப்பா முழிச்சிருங்க.

மீட்டர் இல்லையா, கையை முழங்கை வரைக்கும் தண்ணில விடுங்க. முழங்கை நனையுறதுக்கு முன்னாடியே உள்ளங்கை மறஞ்சு போச்சுன்னா பாசி ரொம்ப அடர்த்தி, ராத்திரி ஆபத்து.

மீன் மேல வந்து வாய் பொளந்தா பசின்னு நெனைக்கிறது

பசில வந்த மீன் உங்க நிழல் பட்டாலே உள்ள பாஞ்சிடும். மூச்சு திணறி வந்தது கை தட்டுனாலும் நகராது, காத்தோட ஒட்டி இருக்கிற மேல்தண்ணியை தான் உறிஞ்சுது. அப்ப புண்ணாக்கு போட்டா செரிக்கவும் ஆக்சிஜன், மிச்சம் அழுகவும் ஆக்சிஜன்.

மேகமூட்டத்துல சாணி கரைச்சு விடுறது

வேண்டாம், அது அழுகவும் ஆக்சிஜன் தான் போகும்.

விரால் தொட்டிக்கு வலையை தண்ணி மேல படிய கட்டுறது

விரால் மேல வந்து காத்து குடிக்கணும், முடியலன்னா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டி செத்துரும். எடைவெளி விடுங்க.

விரலி குஞ்சை (விரல் நீளக் குஞ்சு) தீவனம் போட்ட கையோட பேக் பண்றது

முந்தின நாளே தீவனத்தை நிறுத்தணும். பையில மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் ஆக்சிஜன்.

விடியல்ல மீன் தலை தூக்குனா தீவனத்தை நிறுத்துங்க, இன்ஜின் மோட்டாரை போட்டு குட்டைத் தண்ணியையே உயரத்துல இருந்து செதறி விழுற மாதிரி அடிங்க, வெயில் நல்லா ஏறுற வரைக்கும் நிறுத்தாதீங்க.