வாடைக் குளிரில் படகு இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை முதல் தை வரை வாடை அடிக்கும் நாட்களில், முல்லைத்தீவுப் பக்கத்து நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புக் கரைகளில் சிறிய பைபர் படகை உழவு இயந்திரத்தில் பூட்டிய இழுவண்டியிலிருந்து இறக்குவோர் விடும் பிழைகளில் பல, படகு மிதக்கும் முன்பே நடந்துவிடுகின்றன. கை விறைத்திருக்கும், மழை முகத்தில் அறையும், வேலையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று மனம் பறக்கும். அந்த அவசரத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

இரவு முழுவதும் மழையில் நின்ற படகை அப்படியே இழுத்து வரக்கூடாது. நான்கு சதுர மீற்றர் அடித்தளத்தில் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினால் அது 200 லீற்றர், அதாவது 200 கிலோகிராம். இழுவண்டி சரிவில் பின்னோக்கி இறங்கும்போது அவ்வளவும் எஞ்சின் பக்கம் ஓடிப் பின்பகுதியை அமிழ்த்திவிடும். தண்ணீரை வடியவிட்டவர் துளையின் மூடியைத் திரும்பப் பூட்ட மறப்பதும் நடக்கிறது. ஒருமுறை நானே அதை இழுவண்டியின் சட்டத்தில் வைத்துவிட்டுப் படகைத் தள்ளினேன். வலைக்கு அடியிலிருந்து மிதப்புகள் ஒவ்வொன்றாக எழும்பி ஆடத் தொடங்கியபோதுதான் விளங்கியது. அன்று முதல், கழற்றிய மூடியை அணியக் கயிற்றின், அதாவது படகின் முன்பக்கக் கயிற்றின், நுனியில் கட்டிவிடுகிறேன். அந்தக் கயிற்றைக் கையில் எடுக்காமல் நான் படகை இறக்குவதில்லை.

கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நந்திக்கடல் கடலோடு சேரும் வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டுப்பட்டிருக்கும் நாட்களில் களப்புத் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும் என்பதால், படகு மிதந்த பின் கட்டிக்கொள்ளலாம் என்று கயிறில்லாமல் இறக்குவது படகைக் கைவிடுவதற்குச் சமம். ஆனால் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிப் பிடிப்பது அதைவிட மோசமானது. விறைத்த விரல்களுக்கு அது இறுகுவது தெரியாது.

நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சில்லுகளை உடனே தண்ணீருக்குள் விட்டால், சில்லின் நடுக்குடத்திலுள்ள காற்று சுருங்கி உப்புநீரை உள்ளே இழுத்துப் பெயாரிங்கைக் கெடுக்கும், ஆறவிட்டு இறக்குங்கள். அந்த இடைவேளையில் ஒருவர் தடியூன்றி இறங்கிச் சேற்றின் ஆழத்தைப் பார்த்துவிடலாம். மண்ணெண்ணெய் எஞ்சினைக் குளிரில் பெற்றோலிலேயே தொடக்கி, சூடாகிய பின்பு மாற்றுங்கள்.

தண்ணீர் உறையும் குளிர் வன்னிக்கு வருவதில்லை என்பதால் பலர் உடம்பைக் கவனிப்பதில்லை. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டிய நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் செத்துக் கிடந்ததை நாம் கண்டோம். நனைந்த உடம்பின் சூட்டைக் காற்று எவ்வளவு வேகமாகப் பறிக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. சூடேறட்டும் என்று சாராயம் குடிப்பவரின் தோல் மட்டுமே சூடாக உணரும். உள்ளிருக்கும் சூடோ வெளியேறிக்கொண்டிருக்கும். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணியுங்கள். மாற்றுச் சாரமும் சட்டையும் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்று நாக்குக் குழறினால், அவர் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள். உடனே கரை சேர்த்து, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் நெஞ்சையும் தலையையும் சுற்றி, கைகால்களைத் தேய்க்காமல், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.