முகத்துக்கேற்ற கண்ணாடி ஃபிரேம்: அளவுகோலிலிருந்து தொடங்குவோம்

என் முதல் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல, கடைக்காரர். "உங்களுக்கு வட்ட முகம், செவ்வக ஃபிரேம்தான் எடுப்பாக இருக்கும்" என்றார். வடிவத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால் ஃபிரேம் என் முகத்தைவிட ஒரு விரற்கடை அகலம். குனிந்தால் மூக்கு நுனிக்கு வந்துவிடும். இரண்டு வருடம் ஆள்காட்டி விரலால் அதை மேலே தள்ளியே காலத்தை ஓட்டினேன். அந்த நாட்களின் புகைப்படங்களில், அப்பாவின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்ட பையனைப் போல இருக்கிறேன்.

முக வடிவம், ஃபிரேம் வடிவம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் அகலமும் மூக்கும் சரியாக அமையாவிட்டால் எந்த வடிவமும் கைகொடுக்காது.

முதல் படி: பவர் சீட்டைக் கையில் வையுங்கள்

கண் பரிசோதனைக்கு முன்பே ஃபிரேம் பார்க்கப் போகாதீர்கள். எந்த ஃபிரேம் உங்களுக்குச் சரிப்படும் என்பதில் பவருக்குப் பாதிப் பங்கு உண்டு. ஏன் என்பது நான்காம் படியில் விளங்கும்.

இரண்டாம் படி: முகத்தை வரைந்து பாருங்கள்

தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நில்லுங்கள். (தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், என்ன செய்வது!) ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல், சோப்புத் துண்டால் முடியோரத்திலிருந்து கன்னம், தாடை, முகவாய் என்று பிம்பத்தின் ஓரத்தையே பிடித்து வரையுங்கள்.

தள்ளி நின்று பார்த்தால், இவ்வளவு சின்ன முகமா என்று திகைப்பீர்கள். கண்ணாடிப் பரப்பில் விழும் கோடு உண்மையான முகத்தில் பாதி அளவுதான் இருக்கும். அருகில் நின்றாலும் தள்ளி நின்றாலும் அப்படியே. விகிதம் மாறாது, நமக்கு வேண்டியதும் அதுதான். செல்ஃபியை நம்ப வேண்டாம். கை நீளத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு பெருத்து, முகம் ஒடுங்கித் தெரியும்.

இப்போது நெற்றி, கன்ன எலும்பு, தாடை ஆகிய மூன்றின் அகலத்தையும், முகத்தின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். நீளமும் அகலமும் ஏறக்குறைய சமமாக இருந்து, தாடை உருண்டிருந்தால் வட்ட முகம். அதே சமத்தில் தாடை கோணமாக வெட்டினாற்போல் இருந்தால் சதுரம். நெற்றி அகன்று முகவாய் கூராக முடிந்தால் இதய வடிவம். நெற்றியும் தாடையும் ஒடுங்கி, கன்ன எலும்பு மட்டும் புடைத்திருந்தால் வைர வடிவம். நீளம் அகலத்தைவிட நன்றாகவே கூடுதல் என்றால் நீள்முகம். சற்றே கூடுதலாக இருந்து எங்கும் கோணமில்லை என்றால் முட்டை வடிவம். ஏதாவது இரண்டு வடிவங்களுக்கு நடுவில் விழுந்தால் கவலைப்படாதீர்கள், பெரும்பாலோர் அப்படித்தான்.

மூன்றாம் படி: வடிவத்துக்கு வடிவம்

முகத்தில் எது இல்லையோ அதை ஃபிரேம் தர வேண்டும். வட்ட முகத்தில் கோணங்கள் இல்லை. உயரத்தைவிட அகலம் கூடிய, மூலைகள் தெளிவான ஃபிரேம் அதற்குக் கட்டமைப்பு தரும். சதுர முகத்தில் கோணங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு வட்டமோ ஓவலோ, மெல்லிய விளிம்போடு. நீள்முகத்துக்கு உயரம் கூடிய ஃபிரேம் வேண்டும். உயரம் குறைந்த ஃபிரேம் போட்டால் முகம் இன்னும் நீண்டு தெரியும்.

இதய வடிவ முகத்தில் கனம் மேலே இருக்கிறது. மேல்விளிம்பு மட்டும் தடித்த ஃபிரேம், வெளிமூலைகள் மேல்நோக்கி ஏறிய பூனைக்கண் ஃபிரேம் இரண்டும் அந்தக் கனத்தைக் கூட்டும்; விளிம்பில்லாத ஃபிரேமோ, 1930களில் விமானிகளுக்காக உருவான ஏவியேட்டர் போல அடிப்பக்கம் அகன்றதோ சமன் செய்யும். வைர முகத்துக்கு இதற்கு நேர்மாறு, மேல்விளிம்பு தடித்ததே நல்லது. முட்டை வடிவக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள், அளவு மட்டும் பார்த்தால் போதும்.

இவை வழிகாட்டிகள்தான், சட்டங்கள் அல்ல. வட்ட முகத்துக்கு வட்டக் கண்ணாடி அட்டகாசமாக அமைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் எல்லோரிடமும் ஃபிரேமின் அகலம் அச்சாகப் பொருந்தியிருந்தது.

நான்காம் படி: எண்களைப் படியுங்கள்

நான் மிகவும் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். ஏதாவது ஒரு ஃபிரேமை எடுத்து, காதில் மாட்டும் கையின் உட்புறத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் 52 □ 18 140 என்பதுபோல் எண்கள் இருக்கும். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 என்பது மூக்கின் மேல் உட்காரும் பாலத்தின் அகலம், 140 என்பது கையின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில்.

ஏற்கெனவே உங்களுக்கு வசதியாக இருக்கும் பழைய கண்ணாடி ஏதும் இருந்தால் அதன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் அகலம் இரண்டு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். பாலத்தில் அந்த அளவு வித்தியாசத்தையே மூக்கு கண்டுபிடித்துவிடும். புதிதாக வாங்குபவர்கள், வங்கி அட்டையை நெற்றியில் கிடையாகப் பிடித்துக்கொண்டு, எட்ட நின்று வேறொருவரை நேராகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அட்டையின் அகலம் எங்கும் 85.6 மி.மீ. என்பதால், படத்தில் அதை வைத்து முகத்தின் அகலத்தைக் கணக்கிடலாம். ஃபிரேமின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கண்ணை ஒட்டிய இடத்தில் உள்ள முக அகலத்துக்குச் சமமாக இருப்பதே இலக்கு.

இனி பவர். கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 60 மி.மீ.யை ஒட்டி இருக்கும். உங்களுக்கு 62 என்று வைத்துக்கொள்வோம். 52, 18 ஃபிரேமில் இரண்டு லென்ஸ் நடுப்புள்ளிகளுக்கும் இடையே 70 மி.மீ. இருக்கிறது. லென்ஸின் ஒளிமையம், அதாவது பவர் சரியாக அமையும் புள்ளி, கண்மணிக்கு நேராக வர வேண்டும். ஆகவே அதைப் பக்கத்துக்கு 4 மி.மீ. மூக்கை நோக்கி நகர்த்த வேண்டும். அதனால் ஒளிமையத்திலிருந்து வெளியோரம் 30 மி.மீ. தள்ளிப் போகிறது. மைனஸ் 5 பவர், சாதாரண 1.5 லென்ஸ் (இது ஒளிவிலகல் எண், கூடக் கூட லென்ஸ் மெலியும்) என்றால் அந்த ஓரம் நடுவைவிடச் சுமார் 4.5 மி.மீ. தடித்திருக்கும். அதே ஆள் 46, 18 ஃபிரேம் எடுத்தால் 2.9 மி.மீ.தான். 1.67 போன்ற மெல்லிய லென்ஸுக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் முன், சின்ன ஃபிரேமை ஒரு முறை போட்டுப் பாருங்கள். மைனஸ் பவர் கூடியவர்கள் பெரிய லென்ஸ் போட்டால், அதன் வழியே முகத்தின் ஓரம் உள்ளே வெட்டினாற்போலத் தெரிவதும் உண்டு.

ப்ரோக்ரெஸிவ் லென்ஸ் (தூரப் பார்வைக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறுவது) போடுபவர்கள் மட்டும் உயரத்தையும் பார்க்க வேண்டும். லென்ஸின் உயரம் 30 மி.மீ. அளவுக்காவது இருந்தால், படிக்கும் பகுதிக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: மூக்கு

மூக்குத்தண்டு தாழ்வாக இருப்பவர்களுக்கு, பாலம் ஒரே வார்ப்பாக வரும் பிளாஸ்டிக் ஃபிரேம் வழுக்கும். மூக்கின் இருபுறமும் பதியும் நோஸ் பேட் தனியாக உள்ளதை எடுத்தால் வளைத்துச் சரிசெய்யலாம். நீண்ட மூக்கு உறுத்தலாக இருந்தால், பாலம் சற்றுத் தாழ்வாக உள்ள ஃபிரேம் அதைக் குறுக்கிக் காட்டும்.

ஆறாம் படி: மாட்டிக்கொண்டு சிரியுங்கள்

கடையில் எல்லோரும் விறைப்பாக நின்று கண்ணாடி பார்க்கிறார்கள். சிரியுங்கள், கன்னம் ஏறி ஃபிரேமைத் தூக்கினால் அது வேண்டாம். குனிந்து செருப்பு வாரை மாட்டுவதுபோல் செய்யுங்கள். இமைமுடி லென்ஸில் உரசுகிறதா, புருவம் முழுக்க மறைகிறதா என்று பாருங்கள். கண்கள் லென்ஸின் நடுவிலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். கைகள் கன்னப்பொறியில் பதியாமல் நேராகப் பின்னால் போக வேண்டும். வெளிப்பக்கம் வளைந்து விரிந்தால் ஃபிரேம் சிறியது.

இதில் ஒரு வேடிக்கை: காட்சிக்கு வைத்திருக்கும் ஃபிரேமில் பவர் இருக்காது. பவர் அதிகமுள்ள நமக்கோ, அதை மாட்டியதும் நம் முகமே மங்கிவிடும். துணைக்கு வந்தவரைச் சற்றுத் தள்ளி நின்று படம் எடுக்கச் சொல்லி, பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். பக்கவாட்டுப் படமும் வேண்டும்.

நிறமும் பொருளும்

நிறம் உங்கள் விருப்பம். தலைமுடி, புருவத்தின் நிறத்தை ஒட்டியது எல்லா உடைக்கும் ஒத்துப்போகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அசிடேட் என்னும் பிளாஸ்டிக் ஃபிரேமைச் சூடாக்கி முகத்துக்கேற்ப வளைக்கலாம். டிஆர்-90 என்னும் இன்னொரு பிளாஸ்டிக் இலேசானது, ஆனால் அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது. உலோகம் பட்டால் தோல் அரிக்கும் என்றால் அது நிக்கலாக இருக்கலாம், டைட்டானியம் எடுங்கள்.

கண்ணாடி தயாராகி வந்ததும்

கண்ணாடியின் கைகளை விரித்து, அதை மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒரு கை தூக்கிக்கொண்டு நின்றால் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் ஒரு முறை முகத்தில் மாட்டிப் பாருங்கள். என் இடது காது வலதைவிடச் சற்றுக் கீழே இருப்பது எனக்குத் தெரிந்ததே இந்தச் சோதனையில்தான். என் கண்ணாடி மேசையில் கோணிக்கொண்டு நிற்கும், முகத்தில் நேராக உட்காரும். உங்களுக்கும் அப்படியென்றால் யாரையும் அதில் கைவைக்க விடாதீர்கள்.